ட்ராக் காருக்குக் குறைந்த விலையில், நம்பி ஓட்டக்கூடிய அலாய் சக்கரங்கள்: போலோவுக்கு எதை வாங்கலாம்?

செட்டிப்பாளையத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் இருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கு வீட்டில் வேறு வண்டி உள்ளதால், இதைக் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் நடக்கும் ட்ராக் நாள்களுக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டேன். பிரேக் பேடுகளையும் பிரேக் ஆயிலையும் ஏற்கெனவே மாற்றியாயிற்று. அடுத்ததாக, ட்ராக் டயர்களைப் பூட்டி வைத்துக்கொள்ள ஒரு தனி செட் சக்கரங்கள் வேண்டும். வண்டியோடு வந்த சக்கரத்தின் பின்புறத்தில் 6 ஜே × 15, இ.டி. 40 என்று பொறித்திருக்கிறது (அகலம் 6 அங்குலம், விட்டம் 15 அங்குலம்; இ.டி. என்பது ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து பூட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு); டயர் 185/60 ஆர்15. புதிதாக வாங்குவது 15 அங்குலம், 7 ஜே அகலத்தில் இருந்தால் 205/50 ஆர்15 டயர் போடலாம் என்பது என் எண்ணம். டயரைச் சேர்க்காமல் நான்கு சக்கரங்களுக்கு 45,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.

இப்போது என் முன்னால் மூன்று வாய்ப்புகள் உள்ளன. முதலாவது, பெயர்பெற்ற ஜப்பானியச் சக்கரம் ஒன்றின் வடிவத்தைப் பார்த்துச் செய்த புதிய சக்கரங்கள், 15×7, இ.டி. 35, பத்துத் துளைகள், நடுத்துளை 73.1 மி.மீ., விலை 32,000 ரூபாய். பின்புறத்தில் அளவைத் தவிர வேறு எந்தப் பொறிப்பும் இல்லை. "ட்ராக்குக்குப் போகிற எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டாவது, சுபாரு காரிலிருந்து கழற்றியதாகச் சொல்லப்படும் பழைய ஜப்பானியச் சக்கரங்கள், 16×7, இ.டி. 48, ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள் இருக்கின்றன. நான்கில் ஒன்றுக்கு வளைவு எடுத்து நான்குக்கும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விலை 44,000. மூன்றாவது, ஸ்கோடா ராபிட் காரின் கம்பெனிச் சக்கரங்கள், 15×6. பழையவைதான் என்றாலும் அடிபடாதவை போலத் தெரிகின்றன, விலை 16,000. நண்பர்களோ, "இருப்பதையே மறுபடியும் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று கேட்கிறார்கள்.

இவற்றில் எது பாதுகாப்பானது? சக்கரம் எவ்வளவு எடை தாங்கும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆஃப்செட், போல்ட் விஷயங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

வார்ப்படத்துக்காரர் (பதில்)

நண்பரே, நான் கோவையில் ஓர் அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் சக்கரம் வார்ப்பதில்லை. பம்பு, மோட்டார் உறைகள்தான். ஆனால் உலோகம் அதே உலோகம் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

வார்த்துச் செய்யும் அலாய் சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை ஏ356 எனப்படும் அலுமினியம், சிலிக்கான், மக்னீசியம் கலவையில் செய்யப்படுகின்றன. வார்த்தெடுத்த நிலையில் அந்த உலோகத்துக்குப் பெரிய பலம் கிடையாது. அதைச் சுமார் 540 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிரவிட்டு, பிறகு 150 முதல் 180 டிகிரி வரையிலான சூட்டில் மீண்டும் சில மணி நேரம் பதப்படுத்திய பிறகுதான், டி6 என்று நாங்கள் குறிப்பிடும் முழு வலிமை வருகிறது. இந்த இரண்டாம் சூளைக்கு மின்சாரமும் நேரமும் செலவாகும். பெயரில்லாத பட்டறை ஒன்று விலையைக் குறைக்க நினைத்தால் முதலில் கைவைப்பது இங்கேதான். வெளிப் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அச்சுக்குள் உலோகம் உறையும்போது ஸ்போக்கும் வளையமும் சேரும் தடித்த மூலையில் நுண்துளைகள் விழுவது வார்ப்புத் தொழிலில் எல்லோரும் அறிந்த தலைவலி. காருக்குக் கம்பெனியிலேயே பூட்டும் சக்கரங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், காற்றுக் கசிவு சோதிப்பதும் இதற்காகத்தான்.

இப்போது முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பானின் அலாய் சக்கரத் தரநிலை. அந்தத் தரநிலைப்படி செய்திருப்பதாகத் தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்ளும் குறி அது. வி.ஐ.ஏ. என்பது வெளி அமைப்பு ஒன்றில் சோதித்துப் பதிவு செய்ததைக் காட்டும் குறி. ஆகவே வி.ஐ.ஏ. குறிக்குத்தான் மதிப்பு அதிகம். நம் நாட்டில் கார்களின் அலாய் சக்கரங்களுக்கு ஐ.எஸ். 16192 தரநிலையின் இரண்டாம் பாகம் இருக்கிறது, அதன்படியான ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் சக்கரத்தில் பொறித்திருந்தால் குறைந்தபட்சம் யாரோ ஒருவர் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்றிருக்கிறார் என்று பொருள். இந்த முத்திரைகளையும் போலியாக வார்த்துவிட முடியும் என்பதால், தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், தாங்கும் எடை ஆகியவையும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் முதல் வாய்ப்பில் இவற்றில் எதுவுமே இல்லை.

எந்த நாட்டுத் தரநிலையாக இருந்தாலும் சோதனைகள் ஏறக்குறைய மூன்றுதான். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பக்கவாட்டில் வளைக்கும் சோதனை, எடையை ஏற்றி உருளையின் மேல் ஓடவிடும் சோதனை, டயரோடு சேர்த்து 13 டிகிரி சாய்த்து வைத்து மேலிருந்து எடையைப் போடும் அடிச் சோதனை. இந்தக் கடைசிச் சோதனையில், சக்கரம் தாங்கும் என்று அறிவித்த எடையில் 0.6 பங்கோடு 180 கிலோவைக் கூட்டி, அந்த எடையை 230 மி.மீ. உயரத்திலிருந்து சக்கர விளிம்பின் மேல் விழவிடுகிறார்கள். 475 கிலோ தாங்கும் என்று பொறித்த சக்கரத்தின் மேல் 465 கிலோ விழுகிறது. ஸ்போக்கில் ஊடுருவும் விரிசல் வரக்கூடாது, ஒரு நிமிடத்துக்குள் டயரின் காற்று முழுதும் இறங்கிவிடவும் கூடாது. ட்ராக்கில் கெர்ப் (ஓடுதள ஓரத்தில் உயர்த்திய விளிம்பு) மேல் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனையின் மதிப்பு சொல்லாமலே விளங்கும்.

ஆனால் வளைவுகளில் ஓட்டும் உங்களுக்கு முதல் சோதனைதான் முக்கியம். அதில் எவ்வளவு வளைவிசை கொடுக்க வேண்டும் என்று கணக்கிடும் வாய்பாட்டில், டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவைத் தரநிலையைப் பொறுத்து 0.7 முதல் 0.9 வரை எடுத்துக்கொள்கிறார்கள். சாலை டயருக்கு அது நியாயமான எண். செமி ஸ்லிக் டயர் (பள்ளங்கள் குறைந்த, பிடிப்பு மிகுந்த ட்ராக் டயர்) சூடேறிவிட்டால் அதன் பிடிப்பு ஒன்றைத் தாண்டிப் போகும். வாய்பாட்டில் பாதுகாப்புக் காரணியும் உண்டு என்பதால் சக்கரம் உடனே உடைந்துவிடாது. ஆனால் அலுமினியத்துக்கு எஃகைப் போல "இந்த அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை வளைத்தாலும் ஒன்றும் ஆகாது" என்ற எல்லை கிடையாது. ஒவ்வொரு வளைவும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்கிறது. தரநிலையைக் கடந்த நல்ல சக்கரமே ட்ராக்கில் வேகமாக மூப்படையும் என்னும்போது, சோதனையே கண்டிராத சக்கரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல?

தாங்கும் எடையைக் கணக்கிடுவது எளிது. வண்டியின் அடையாளத் தகட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக உச்ச எடை போட்டிருக்கும். பெரியதைப் பாதியாக்குங்கள். எடுத்துக்காட்டாக அது 900 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 450. பொறித்த எடை அதற்குக் குறையவே கூடாது. ட்ராக்குக்கு நூறு கிலோவாவது கூடுதலாக இருந்தால் நல்லது. எடை பொறிக்காத சக்கரத்துக்கு இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

இரண்டாவது வாய்ப்பில் எனக்குள்ள மனக்குறை அந்த வளைவு எடுத்த சக்கரம். அலுமினியச் சக்கரத்தை நிமிர்த்துகிறவர்கள் பெரும்பாலும் டார்ச்சால் சூடு காட்டித்தான் நிமிர்த்துவார்கள். எத்தனை டிகிரி என்று யாரும் அளப்பதில்லை. மேலே சொன்ன பதம் அந்த இடத்தில் மட்டும் இறங்கிப்போயிருக்கும். அதோடு, வளைத்து நிமிர்த்திய இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கவும் வாய்ப்புண்டு. நான்குக்கும் பெயின்ட் அடித்திருப்பது அழகுக்காக இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். பவுடர் கோட்டிங் செய்திருந்தால் அதைச் சுட வைக்கும் 180, 200 டிகிரி சூடும் பதப்படுத்தும் சூட்டை ஒட்டி வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். வெல்டிங் வைத்த சக்கரத்தைப் பற்றி ஒரே வரி: சாலைக்குக்கூட வேண்டாம்.

என் தேர்வு ராபிட் சக்கரங்கள்தான். அவை காரைச் செய்த நிறுவனத்தின் சோதனைகளைத் தாண்டி வந்தவை, உங்கள் வண்டியின் எடைக்கு ஏறக்குறைய ஒத்த வண்டிக்காகச் செய்யப்பட்டவை.

டார்க்ரெஞ்ச் (பதில்)

வார்ப்படத்துக்காரர் ஐயா உலோகத்தைப் பற்றி எழுதிவிட்டார். நான் பொருத்தும் பக்கத்தை எழுதுகிறேன். நல்ல சக்கரத்தையும் தவறான போல்ட்டால் ஆபத்தாக்கிவிட முடியும், அதுதான் அடிக்கடி நடக்கிறது.

போலோவுக்கு பி.சி.டி. 5×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்), ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியின்) விட்டம் 57.1 மி.மீ., போல்ட் எம்14×1.5. பழைய ஃபேபியா, வென்டோ, ராபிட், முதல் தலைமுறை ஆக்டேவியா எல்லாம் இதே குடும்பம் என்பதால் அவற்றின் கம்பெனிச் சக்கரங்கள் எந்த வளையமும் இல்லாமல் நேராக உட்காரும். சுபாருவும் 5×100-தான், ஆனால் அதன் நடுத்துளை 56.1 மி.மீ. உங்கள் ஹப் அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரியது. சக்கரம் ஹப்பின் கழுத்தில் முட்டிக்கொண்டு முகத்தில் படியாமல் நிற்கும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்க முயன்றால் ஏதாவது ஒன்று கெடும். லேத்தில் கடைந்து பெரிதாக்கலாம், ஆனால் நடுமையம் பிசகாமல் கடையத் தெரிந்த ஆளிடம் கொடுக்க வேண்டும். விற்பவர் "5×100, அப்படியே பூட்டலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் பூட்டிப் பார்த்ததில்லை.

முதல் வாய்ப்பின் 73.1 மி.மீ. துளைக்கு 73.1-57.1 அளவு வளையம் வேண்டும். கடையில் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் வளையங்கள் ட்ராக்கில் பிரேக் சூட்டில் இளகி உருக்குலையும். அலுமினிய வளையம்தான் வாங்க வேண்டும். வளையம் வண்டியின் எடையைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை, சக்கரத்தைப் பூட்டும்போது நடுவில் நிறுத்துவது மட்டுமே. சுமையைத் தாங்குவது போல்ட் இழுப்பால் சக்கரத்தின் முகத்துக்கும் ஹப்பின் முகத்துக்கும் இடையில் உண்டாகும் பிடிப்பு. எம்14 போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் முறுக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் சுமார் நான்கு டன் விசையோடு சக்கரத்தை ஹப்பின் மேல் அழுத்துகிறது. அந்தப் பிடி தளர்ந்தால் வளைவிசை நேராகப் போல்ட்டின் கழுத்தில் விழும், போல்ட் அறுந்துவிடும்.

இதனால்தான் இருக்கை வடிவம் இவ்வளவு முக்கியம். ஃபோக்ஸ்வாகன் கம்பெனிப் போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டையான இருக்கை இருக்கும், அதன் ஆரம் 13 மி.மீ. கடைச் சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு இருக்கை. உருண்டைப் போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் அது மெல்லிய கோடு போன்ற ஒரு வட்டத்தில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் ஸ்பானர்) சரியாகத்தான் "டிக்" என்று சொல்லும். நான்கைந்து சுற்று ஓடியதும் அந்தக் கோடு நசுங்கிப் போல்ட் தளர்ந்துவிடும். ராபிட் சக்கரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் போல்ட்டே போதும். வேறு எதை வாங்கினாலும் அதற்கேற்ற இருக்கையோடு, 10.9 தரக் குறி தலையில் பொறித்த புதிய போல்ட்டுகளை வாங்குங்கள். பி.சி.டி. கொஞ்சம் மாறினாலும் பூட்டலாம் என்று விற்கும் ஆடும் போல்ட்டுகளை ட்ராக் காரின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

நீளத்தைக் கையால் சோதிக்கலாம். சக்கரத்தைப் பூட்டி, போல்ட்டைக் கைவிரலால் திருகி, எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று எண்ணுங்கள். 14 மி.மீ. தடிமன் போல்ட்டின் மரை குறைந்தது 14 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. என்றால் ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல் வர வேண்டும். நீளம் கூடினாலும் தொல்லைதான். உங்கள் வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக் என்பதால், போல்ட் ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டினால் ஷூவிலோ ஸ்பிரிங்கிலோ உரசும். பின் சக்கரத்தைப் பூட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆஃப்செட் கணக்கு இது. 6 ஜேயிலிருந்து 7 ஜேக்குப் போனால் சக்கரம் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. இ.டி. 40-லிருந்து 35-க்கு இறங்கினால் முழுச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆகவே உட்புறம் 7.7 மி.மீ. மட்டுமே கூடும், வெளிப்புறம் 17.7 மி.மீ. நீட்டும். உள்ளே ஸ்ட்ரட்டுக்கு (சஸ்பென்ஷன் தூணுக்கு) இடம் போதும் என்றாலும், வெளியே ஃபெண்டர் உள்விளிம்பில் டயர் உரசுகிறதா என்று சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கிய நிலையிலும் முழுத் திருப்பத்திலும் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஸ்டியரிங். போலோவின் முன்பக்க அமைப்பு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் புல்லிலோ மணலிலோ இறங்கிய நிலையில் பிரேக் பிடித்தாலும் வண்டி நேராக நிற்க முயலும்படி, குறிப்பிட்ட ஆஃப்செட்டை வைத்து வடிவமைக்கப்பட்டது. ஆஃப்செட்டைக் குறைக்கக் குறைக்க அந்தக் குணம் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். வீல் பேரிங்கின் மேல் விழும் சுமையும் கூடும். 7 ஜே வேண்டும் என்றே முடிவு செய்தால் இ.டி. 38 முதல் 42 வரை தேடுங்கள், 35-க்குக் கீழே போகாதீர்கள்.

மூன்றாம்கியர் (பதில்)

முன்னவர்கள் இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரே இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 6 ஜே சக்கரத்தில் 205 டயரைப் போடலாம், அளவுப் பட்டியல் அதை அனுமதிக்கிறது. ஆனால் டயரின் பக்கச் சுவர் உள்ளே ஒடுங்கி நிற்பதால் வளைவில் அது மடங்கும், தோள் பகுதி தேயும், திருப்பத்துக்கு வண்டி சற்றுத் தாமதமாகப் பதில் சொல்லும். 205/50 ஆர்15 டயருக்கு 7 ஜே சக்கரம் கொடுக்கும் பிடிமானத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே, இப்போதைக்கு ராபிட் சக்கரத்தில் 195/55 ஆர்15 போட்டு ஓட்டுங்கள். அது 6 ஜேயில் இயல்பாக உட்காரும், மொத்த விட்டமும் உங்கள் பழைய டயரைவிட 7 மி.மீ. அளவுக்குத்தான் குறையும். 205/50 போட்டால் 17 மி.மீ. குறைந்து, கியர் விகிதம் சற்றுக் குட்டையாகும். ட்ராக்கில் அது குறையன்று, ஆனால் வண்டியும் அதில் பாதி அளவுக்குத் தாழும்.

மிச்சமாகும் பணத்தை எடுத்து வைத்து, பிறகு பெயருள்ள நிறுவனத்தின் ஃப்ளோ ஃபார்ம் சக்கரத்தை வாங்குங்கள். அந்த முறையில் முகப்பை வார்த்துவிட்டு, வளையப் பகுதியை மட்டும் சூடாக்கிச் சுழற்றியபடி உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். வளையம் மெலிந்தும் அடர்ந்தும் வருவதால் எடை குறைகிறது, கெர்ப் அடியையும் சாதாரண வார்ப்பைவிட நன்றாகத் தாங்குகிறது. அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு சக்கரங்கள் இதைவிட மேல்தான். ஆனால் உங்கள் தொகைக்குப் புதிய ஃபோர்ஜ்டு சக்கரம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அது ஃபோர்ஜ்டு அன்று. ஃப்ளோ ஃபார்ம் என்ற சொல்லையும் இப்போது எல்லாப் பெட்டியிலும் அச்சடித்துவிடுகிறார்கள். சொல்லைப் பார்க்காமல் தயாரிப்பாளர் பெயரையும் எடைப் பொறிப்பையும் பாருங்கள்.

செட்டிப்பாளையத்தான்

மூவருக்கும் மிக்க நன்றி. ராபிட் சக்கரங்களையே வாங்குவது என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. பழைய சக்கரம் என்பதால், பணம் கொடுக்கும் முன் அங்கேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு வீட்டில் எதைச் சோதிக்க முடியும்? ட்ராக் நாளன்று பூட்டுவதிலும் இறுக்குவதிலும் கடைப்பிடிக்க வேண்டிய முறை என்ன?

வார்ப்படத்துக்காரர்

விற்பவர் டயரைக் கழற்றிக் கொடுக்கச் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. டயரோடு பார்த்தால் உட்புற வளையத்தின் முக்கால் பகுதி கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் முதலில் நசுங்குவதும் விரிவதும் அந்த உள்விளிம்புதான். வெளிமுகத்தில் கீறல் இருந்தால் பேரம் பேசலாம்; உள்விளிம்பில் தட்டையான இடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றி வெறும் சக்கரமாகச் சுற்றச் சொல்லி, விளிம்புக்கு அருகே ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்துப் பார்த்தால், இடைவெளி கூடிக் குறைவது வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு போல்ட் துளைகளின் இருக்கையைப் பாருங்கள். பளபளப்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அரைபட்டிருந்தாலோ, துளை முட்டை வடிவத்தில் இருந்தாலோ, அந்தச் சக்கரம் எப்போதோ தளர்ந்த போல்ட்டோடு ஓடியிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஊடுருவும் சாயச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் மூன்று ஸ்பிரே டப்பாக்களாக அந்தச் சாமான் கிடைக்கும்: துடைப்பான், சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி. ஸ்போக்கின் அடி, போல்ட் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி, உள்விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் வரை ஊறவிடுங்கள். துடைப்பானைத் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். சக்கரத்தின் மேல் நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். பிறகு வெள்ளைப் பொடியை மெல்லிய படலமாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். புள்ளி புள்ளியாகச் சிவந்தால் அது வார்ப்பின் நுண்துளையாகவோ பெயின்ட் கீறலாகவோ இருக்கலாம். கூர்மையான சிவப்புக் கோடு வந்தால் அது விரிசல். தேய்த்துப் பார்ப்பது, மறுபடி பெயின்ட் அடிப்பது என்று எதுவும் வேண்டாம், சக்கரத்தை எடைக்குப் போட்டுவிடுங்கள். தடித்த பெயின்ட்டின் மேல் இந்தச் சோதனை பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும், விரிசலைப் பெயின்ட் மூடியிருக்கும். பெயின்ட் அடித்த சக்கரத்தை நான் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட ஆரம்பித்த பிறகு, ஏதேனும் ஒரு டயரில் மட்டும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் பஞ்சர் என்று முடிவு கட்டிவிடாமல் அந்தச் சக்கரத்தின் உள்வளையத்தைப் பாருங்கள். கறுப்புப் பிரேக் தூசி ஒரு மெல்லிய கோடாகப் படிந்திருந்தால், துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் மீண்டும் பாருங்கள்.

டார்க்ரெஞ்ச்

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். முதலில், ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். சக்கரத்தின் பின்முகத்திலும் போல்ட் இருக்கையிலும் பெயின்ட் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இடையில் இருக்கும் பெயின்ட் படலம் சூட்டில் இளகி நசுங்கினால், நீங்கள் கொடுத்த இறுக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். போல்ட் மரையிலோ இருக்கையிலோ கிரீஸ் தடவக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் அதே 120 நியூட்டன் மீட்டருக்கு இழுப்பு மிக அதிகமாகி, போல்ட் தன் எல்லையைத் தாண்டி நீளும். ஹப்பின் கழுத்தில் மட்டும், சக்கரம் ஒட்டிக்கொள்ளாதிருக்க, மிக மெல்லியதாகத் தடவலாம்.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே ஐந்து போல்ட்டையும் கையால் திருகி, நட்சத்திர வரிசையில் பாதி இறுக்கம் கொடுங்கள். பிறகு டயர் தரையைத் தொட்டதும் 120-க்கு முடியுங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். டயர் கடையில் அதைக் கையில் எடுத்தாலே தடுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் கொதிக்கக் கொதிக்க மறுபடி முறுக்க வேண்டாம். அலுமினியமும் எஃகும் வேறு வேறு அளவில் விரிவதால் சூட்டில் கிடைக்கும் எண் பொய். ஹப் கைதொடும் சூட்டுக்கு ஆறியதும் சோதித்து, எந்தப் போல்ட்டாவது நகர்ந்தால் குறித்து வையுங்கள். அதே போல்ட் அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் நகர்ந்தால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றி, இருக்கையையும் ஹப்பின் மரையையும் பாருங்கள்.

ஒட்டும் பேலன்சிங் எடைகள் பிரேக் சூட்டில் பிசின் இளகி உதிரும், வண்டி உதறத் தொடங்கும். அவற்றின் மேல் அலுமினிய டேப்பை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் வலஞ்சுழியாக ஓட்டுவதால் வலப்பக்க வளைவுகளே மிகுதி. முன் இடது சக்கரம்தான் எல்லாவற்றையும் தாங்கும். ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் நான்கையும் கழற்றிப் பார்க்க நேரம் இல்லை என்றால் அந்த ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள். சக்கரங்களின் உட்புறத்தில் 1, 2, 3, 4 என்று பெயின்ட் மார்க்கரால் எழுதி, எது எந்த இடத்தில் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து, இடங்களை மாற்றி மாற்றிப் பூட்டுங்கள். ராபிட் சக்கரங்களுக்குக் கொடுத்தது போக உங்களிடம் 29,000 மிஞ்சும். டார்க் ரெஞ்ச் உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், சாயச் சோதனை டப்பாக்களையும் சேர்த்து. அதற்கு அடுத்தபடியாக ஐந்தாவதாக ஒரு ராபிட் சக்கரம் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கெர்ப்பில் ஒன்று போனால் அன்றைக்கே வீடு திரும்ப அது வேண்டும்.